மெய்நிகர்த் தொழில்நுட்பக் கல்வி – சேரும் முன் சில சிந்தனைகள்

(நமது ஜமாஅத் கல்விக் குழுவின் சார்பில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவ மாணவியருக்காகவும் அவர்தம் பெற்றோருக்காகவும் நடைபெற்ற உயர்கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

      

இவ்வாண்டுத் தேர்வு எழுதிய மாணவர்கள் சிலர் கல்விக் குழுவிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கின்றார்கள். "மெய்நிகர் உலகம், மிகை மெய்ம்மை என்றெல்லாம் கல்லூரி விளம்பரங்களில் பார்க்கின்றோம். அந்தப் படிப்பில் சேரலாமா?" என்பதே அக்கேள்வி. அத்துறையில் பணியாற்றுபவன் என்ற முறையில் பதில் சொல்லும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. நான் வெற்றிக் கதை சொல்ல வரவில்லை. இதே ஜமாஅத்தின் கல்வி நிதியிலிருந்து அழகிய கடன் பெற்று, அதை ஒருமுறை வீணாக்கியவன் என்ற தகுதியில்தான் உங்கள் முன் நிற்கின்றேன்.

இத்துறை என்ன?

முதலில் பெரியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். கண்களை மூடும்படியான ஒரு கருவியைத் தலையில் மாட்டிக்கொண்டு, கணினி உருவாக்கிய வேறோர் இடத்தில் இருப்பதாகவே உணர்வது மெய்நிகர் உலகம். நம் முன்னே இருக்கும் உண்மையான அறையையும் தெருவையும் பார்த்துக்கொண்டே, அவற்றின் மீது கணினி வரைந்த உருவங்களையும் சேர்த்துப் பார்ப்பது மிகை மெய்ம்மை. 2016ஆம் ஆண்டில் இளைஞர்கள் கைப்பேசியை நீட்டியவாறு தெருத் தெருவாகப் போக்கிமான் கோ என்ற விளையாட்டை ஆடினார்களே, அது இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

இது நேற்று முளைத்த துறை அன்று. இரண்டு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரண்டு படங்களைக் காட்டினால் மனம் அவற்றை இணைத்து ஆழமுள்ள ஒரே காட்சியாகக் காணும் என்பதை, சார்லஸ் வீட்ஸ்டோன் என்ற ஆங்கிலேய அறிஞர் 1838ஆம் ஆண்டிலேயே ஒரு கருவி மூலம் மெய்ப்பித்தார். கணினியோடு இணைந்த தலைக்கருவியை அமெரிக்காவில் ஐவன் சதர்லேண்ட் 1968இல் செய்து காட்டினார். அதன் பளுவைத் தலை தாங்காது என்பதால் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. இன்று அதைவிடப் பன்மடங்கு திறன் வாய்ந்த கருவி ஒரு கைப்பைக்குள் அடங்கிவிடுகின்றது.

நான் செய்த தவறு

நான் கணினிப் பயன்பாட்டியலில் பட்டம் பெற்று வெளிவந்த காலத்தில் இத்துறை பற்றிய பேச்சு உச்சத்தில் இருந்தது. ஓகுலஸ் என்ற சிறு நிறுவனத்தை ஃபேஸ்புக் 2014இல் சுமார் 200 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. அதே ஆண்டில் கூகுள் நிறுவனம், அட்டைப் பெட்டியில் இரண்டு வில்லைகளைப் பொருத்திக் கைப்பேசியையே தலைக்கருவியாக்கும் எளிய முறையை அறிமுகப்படுத்தியிருந்தது. அந்த வேகத்தில், ஆறு மாதத்தில் வல்லுநராக்குவதாகவும் வேலைக்கு உறுதி தருவதாகவும் விளம்பரம் செய்த ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். கட்டணம் எழுபதாயிரம் ரூபாய். நாற்பதாயிரத்தை ஜமாஅத் கல்வி நிதி அழகிய கடனாகத் தந்தது. மீதிக்கு அம்மாவின் இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயின.

அங்கே முப்பதுக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு ஒரேயொரு தலைக்கருவி இருந்தது. அதை அணியும் முறை எனக்கு ஆறு மாதத்தில் நான்கு தடவைதான் வந்தது. எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்தப் பெட்டி திறக்கும் என்று கற்றுக் கொடுத்தார்கள், ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முடிவில் பளபளப்பான சான்றிதழ் ஒன்று கிடைத்தது.

அச்சான்றிதழோடு சென்னையில் ஒரு நேர்முகத் தேர்வுக்குச் சென்றேன். அங்கே இருந்தவர் ஒரு காகிதத்தில் சிறு விமானம் வரைந்தார். "இதை மூன்று கோணங்களால் திருப்புகின்றீர்கள். மூக்கு நேர் மேலே நோக்கும்போது ஒரு திசைக்கான கட்டுப்பாடே இல்லாமல் போய்விடுகின்றது. ஏன்? எப்படிச் சரிசெய்வீர்கள்?" என்று கேட்டார். எந்தப் பொத்தானை அழுத்துவது என்றுதான் என் மனம் தேடியது. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "தம்பி, பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப் படித்தீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

படித்திருந்தேன். அணிகள், வெக்டர், கலப்பெண்கள் ஆகிய மூன்றும் அன்றைய கணிதப் புத்தகத்தின் முதல் மூன்று பாடங்கள். பத்து மதிப்பெண் வினாக்களுக்காக மூன்றையும் மனப்பாடம் செய்தவன் நான். அந்த விமானத்திற்கான விடை அங்கேதான் இருந்தது. ஒரு பொருளைத் திருப்புவது என்பது ஓர் அணியால் பெருக்குவதே. மூன்று கோணங்களைக் கொண்டு திருப்பும்போது ஒரு நிலையில் இரண்டு அச்சுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடுவதால் ஒரு திசை தொலைந்துபோகின்றது. அதைத் தவிர்க்க, கலப்பெண்களின் விரிவாக ஹாமில்ட்டன் என்ற அயர்லாந்துக் கணித அறிஞர் 1843இல் கண்டறிந்த, நான்கு கூறுகளைக் கொண்ட குவாட்டர்னியன் என்ற எண்களைப் பயன்படுத்துகின்றார்கள். "இதெல்லாம் வாழ்க்கையில் எதற்கு உதவப் போகின்றது?" என்று நாம் கேட்ட பாடங்கள்தாம் இத்துறையின் அரிச்சுவடி.

அன்று வீட்டுக்குத் திரும்பி அத்தாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "பணம் போனது போகட்டும். ஜமாஅத் காசு அடுத்த பிள்ளையின் படிப்புக்கு உரியது. அதை மட்டும் மறந்துவிடாதே" என்றார். அந்தச் சொல் என்னை உறங்கவிடவில்லை.

உண்மையான பாடத்திட்டம்

அதன் பிறகுதான் ஒரு பல்கலைக்கழகப் பாடம் எப்படியிருக்கும் என்று தேடிப் பார்த்தேன். தேடியது நம் சென்னையிலேயே கிடைத்தது. ஸ்டீவன் லாவால் என்ற அமெரிக்கப் பேராசிரியர், ஓகுலஸ் நிறுவனத்தின் தொடக்க நாட்களில் தலையின் அசைவைக் கணக்கிடும் முறைகளை உருவாக்கியவர்களில் ஒருவர். அவர் 2015ஆம் ஆண்டில் சென்னை ஐ.ஐ.டி.க்கு வருகைப் பேராசிரியராக வந்து நடத்திய மெய்நிகர் உலகப் பாடம், என்.பி.டெல். திட்டத்தின் கீழ்க் காணொளிகளாகப் பதிவு செய்யப்பட்டு யாவரும் இலவசமாகப் பார்க்கும்படி வெளியிடப்பட்டது. அவரது பாடநூலையும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். எழுபதாயிரம் செலவழித்துக் கிடைக்காதது எனக்கு அங்கே செலவின்றிக் கிடைத்தது.

அந்நூலின் பொருளடக்கத்தைக் கண்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. முதலில் மெய்நிகர் உலகின் வடிவியல். அடுத்து ஒளியும் வில்லைகளும். அதற்கடுத்து மனிதக் கண்ணின் உடற்கூறு. பிறகு மனம் எவ்வாறு ஆழத்தையும் அசைவையும் உணர்கின்றது என்ற பாடம். அதன் பின்னரே படம் வரைதல், இயக்கம், தலையின் அசைவைப் பின்தொடர்தல், ஒலி ஆகியவை வருகின்றன. கணினிப் பாடத்தில் கண்ணுக்கும் காதுக்கும் இவ்வளவு இடமா என்று எண்ணினேன். காரணம் விரைவிலேயே புரிந்தது.

அன்பர்களே! கண்ணும் ஒளியும் என்றவுடன் நாம் நினைவுகூர வேண்டிய பெயர் ஒன்று உண்டு. பஸ்ராவில் கி.பி. 965ஆம் ஆண்டளவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் "கிதாபுல் மனாழிர்" என்ற பெருநூலை எழுதினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் காண்கின்றோம் என்ற பழைய கருத்தை அவர் மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே காட்சி உண்டாகின்றது என விளக்கினார். தொலைவு போன்றவற்றைக் கண் மட்டும் அறிவதில்லை. மனம் சீர்தூக்கிப் பார்த்தே அறிகின்றது என்றும் எழுதினார். அந்த மனத்தின் தீர்ப்பை அறிந்து, அதற்கேற்பக் காட்சியை அமைத்துக் கொடுப்பதே இன்றைய மெய்நிகர்ப் பொறியாளனின் வேலை. அவரைப் பற்றிப் பெருமை பேசுவதோடு நாம் நின்றுவிடுகின்றோம். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலின் ஒளியியல் பாடத்தை ஊன்றிப் படிப்பதே அவருக்குச் செய்யும் உண்மையான மரியாதையாகும்.

அத்தா கற்றுக் கொடுத்த பாடம்

காணொளிகளைப் பார்த்து முடித்த ஆர்வத்தில், ஒரு படகில் அமர்ந்து கடலில் செல்வது போன்ற காட்சியை நானே உருவாக்கினேன். அட்டைக் கருவியில் என் கைப்பேசியைப் பொருத்தி, முதலில் அத்தாவின் கண்களில் வைத்தேன். நாற்காலியில் அமர்ந்திருந்த அவர் இரண்டு நிமிடம் சிரித்துக்கொண்டே பார்த்தார். பின்னர் நெற்றியெல்லாம் வியர்த்தது. கருவியைக் கழற்றியவர் முற்றத்துக்குப் போய் வாந்தி எடுத்தார். மாலைவரை படுத்தே இருந்தார். அம்மா என்னைத் திட்டித் தீர்த்தார்கள். எழுந்து அமர்ந்ததும் அத்தா சொன்னார்: "கண்ணு போறோம்ங்குது, உடம்பு உட்கார்ந்திருக்கோம்ங்குது. நான் எதைத்தான் நம்புறது?"

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்ற என் தந்தை, ஒரு முழு அத்தியாயத்தை அந்த ஒரு வரியில் சொல்லிவிட்டார். நம் உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்துள்ளன. தலை எத்திசையில் திரும்பினாலும் அவை மூளைக்குத் தெரிவிக்கின்றன. கண் அசைவைக் கண்டு, செவி அசைவே இல்லை என்று சொல்லும்போது மூளை குழம்புகின்றது, குமட்டல் பிறக்கின்றது. நான் படகைத் தானாக நகரவும் சாயவும் வைத்திருந்தேன். அதுதான் நான் செய்த பிழை.

மற்றொரு பிழையும் இருந்தது. நாம் தலையைத் திருப்பியதற்கும் அதற்கேற்ற காட்சி கண்முன் வருவதற்கும் இடையிலான தாமதம், ஒரு நொடியை ஆயிரமாகப் பகுத்தால் அதில் சுமார் இருபது பங்குக்குள் இருக்க வேண்டும். நல்ல தலைக்கருவிகள் ஒரு நொடிக்கு 90 படங்கள் வரைகின்றன. அதாவது இரண்டு கண்களுக்குமான காட்சியை வரைந்து முடிக்க நொடியின் ஆயிரத்தில் பதினொரு பங்கு நேரம்தான் உண்டு. என் நிரலின் கணக்குகள் ஒழுங்கற்று இருந்ததால் படங்கள் தயங்கித் தயங்கி வந்தன. மற்ற கணினிப் பணிகளில் ஒழுங்கற்ற நிரல் எழுதினால் திரை மெதுவாக ஓடும். இத்துறையிலோ எதிரில் இருக்கும் மனிதர் நோயுறுகின்றார். ஆகவே இது கருவியைப் படிக்கும் படிப்பன்று; மனிதனைப் படிக்கும் படிப்பு என்பதை அன்று உணர்ந்தேன்.

கருவிகள் நிலைப்பதில்லை

இப்போது பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய செய்திக்கு வருகின்றேன். இத்துறையின் கருவிகளுக்கு ஆயுள் குறைவு. கூகுள் தன் டேட்ரீம் திட்டத்தை 2019இல் கைவிட்டது. அட்டைக் கருவி விற்பனையை 2021இல் நிறுத்தியது. கூகுள் கிளாஸ் என்ற மூக்குக் கண்ணாடியின் விற்பனையை 2023இல் முடித்துக்கொண்டது. மைக்ரோசாஃப்ட் தன் ஹோலோலென்ஸ் கருவியின் உற்பத்தியை 2024இல் நிறுத்தியது. ஆப்பிள் நிறுவனம் அதே 2024இல் கொண்டுவந்த விஷன் புரோ கருவியின் தொடக்க விலை 3,499 டாலர். நடுத்தரக் குடும்பம் நினைத்துப் பார்க்க இயலாத தொகை அது.

ஆகவே, ஒரு குறிப்பிட்ட கருவியை இயக்க மட்டும் கற்றவனின் கல்வி அந்தக் கருவியோடு முடிந்துவிடும். ஆனால் அணிகளின் பெருக்கல் மாறவில்லை. வில்லையில் ஒளி விலகும் விதி மாறவில்லை. உட்செவியின் குழல்களும் மாறப் போவதில்லை. இவற்றைக் கற்றவன் எந்தக் கருவி வந்தாலும் சில வாரங்களில் பழகிக்கொள்வான். இத்துறையே நாளை மந்தமானாலும், இதே கணிதத்தையும் நிரலாக்கத்தையும் கொண்டு எந்திர மனிதவியல், மருத்துவப் படிமங்கள், கட்டட வடிவமைப்பு போன்ற துறைகளுக்குச் செல்ல இயலும்.

இத்துறை வெறும் விளையாட்டுக்கானது என்று எண்ணிவிடவும் வேண்டாம். மிகை மெய்ம்மை என்ற சொல்லின் ஆங்கில மூலமே, 1990களின் தொடக்கத்தில் போயிங் விமானத் தொழிற்சாலையில் கம்பிகளைப் பிணைக்கும் தொழிலாளர்களுக்கு உதவும் ஆய்விலிருந்து பிறந்ததாகும். வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தீக்காயம் பட்டவர்களுக்காகப் பனி உலகம் ஒன்றை மெய்நிகராக உருவாக்கினார்கள். புண்ணுக்கு மருந்து கட்டும் நேரத்தில் நோயாளியின் கவனம் அவ்வுலகில் ஈடுபட்டிருப்பதால், அவர் உணரும் வலி குறைவதை ஆய்வில் கண்டார்கள். நான் இன்று பணியாற்றும் இடத்தில், தொழிற்சாலை ஊழியர்கள் ஆபத்தான இயந்திரங்களைத் தொடும் முன் மெய்நிகராகப் பழகிக்கொள்ளும் பயிற்சிகளை உருவாக்குகின்றோம். அங்கே தவறு செய்தால் விரல் போகாது. பாடம் மட்டும் கிடைக்கும்.

மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும்

அப்படியானால் சேரலாமா? என் பதில் இதுதான்: பெயர்ப் பலகையைப் பார்த்துச் சேராதீர்கள், உள்ளே இருக்கும் பாடத்தைப் பார்த்துச் சேருங்கள். இதற்கெனத் தனிப் பட்டத்தில்தான் சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டுப் பாடத்திட்ட ஒழுங்குமுறையில் இது விருப்பப் பாடங்களுள் ஒன்றாகவே வைக்கப்பட்டிருந்தது. ஒரு நல்ல கல்லூரியில் கணினி அறிவியலோ மின்னணுவியலோ படித்துக்கொண்டே இதை விருப்பப் பாடமாக எடுக்கலாம்.

எந்த நிறுவனமாயினும், பணம் கட்டும் முன் நேரில் சென்று ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். ஒன்று, எத்தனை மாணவருக்கு எத்தனை தலைக்கருவிகள் உள்ளன? அவற்றை எங்கள் கண்முன் இயக்கிக் காட்டுவீர்களா? இரண்டு, பாடத்திட்டத்தில் கணிதமும் நிரலாக்கமும் எத்தனை மணி நேரம்? மூன்று, பாடம் நடத்துபவர் தாமே எதை உருவாக்கியிருக்கின்றார்? நான்கு, சென்ற ஆண்டு மாணவர்கள் செய்து முடித்த திட்டப் பணிகளைப் பார்க்கலாமா? ஐந்து, இடையில் விலகினால் கட்டணம் திரும்பக் கிடைக்குமா? எழுத்தில் தருவீர்களா? இக்கேள்விகளுக்கு முகம் சுளிப்பவர்களிடம் உங்கள் உழைப்பின் காசைக் கொடுக்காதீர்கள். அன்று நான் இவற்றுள் ஒன்றையேனும் கேட்டிருந்தால் என் அம்மாவின் வளையல்கள் வீட்டிலேயே இருந்திருக்கும்.

மாணவச் செல்வங்களே! கல்லூரி திறக்க இன்னும் சில வாரங்கள் உள்ளன. விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தைப் பழைய தாள் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். அணிகள், வெக்டர் பாடங்களை மதிப்பெண்ணுக்காக அல்லாமல் பொருள் விளங்கும்படி மறுபடி படியுங்கள். ஒரு சாதாரணக் கணினி கிடைத்தால் யூனிட்டி என்ற மென்பொருளின் தனியாள் பதிப்பை இலவசமாகப் பெற்று, ஒரு கனசதுரத்தை உங்கள் நிரலால் சுழற்றிப் பாருங்கள். சரியாகச் சுழலாவிட்டால் ஏன் என்று தேடுங்கள். அந்தத் தேடல் உங்களுக்கு இனிக்குமானால் இத்துறை உங்களுக்கானது. கசக்குமானால், விளம்பரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் விலகிக்கொள்ளுங்கள். இது மாணவியருக்கும் பொருந்தும். உடல் வலிமையோ ஊர் சுற்றலோ கேட்காத துறை இது. கணிதத்தில் முன்னிற்கும் நம் பெண் பிள்ளைகளைப் பெற்றோர் தடுக்க வேண்டாம்.

நிர்வாகக் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பிள்ளைக்கும் கருவி வாங்கித் தருதல் ஒரு ஜமாஅத்தால் ஆகாது. ஆனால் நம் நூலகத்தில் இரண்டு நல்ல கணினிகளும் இணைய இணைப்பும் இருந்தால், காணொளிப் பாடங்களை வாரம் இருமுறை மாணவர்கள் கூடிப் பார்க்கலாம். விடுமுறைக்கு ஊர் வரும்போதெல்லாம் அவர்களுடன் அமர்ந்து ஐயங்களைத் தீர்க்க நான் ஆயத்தமாக இருக்கின்றேன். கல்விக் கடன் கேட்டு வரும் பிள்ளைகளிடம் மேற்சொன்ன ஐந்து கேள்விகளுக்கான விடைகளையும் எழுதி வாங்கிக்கொண்டு, அதன் பிறகு கடன் வழங்குமாறும் கேட்டுக்கொள்கின்றேன்.

நான் பெற்ற நாற்பதாயிரத்தின் கடைசித் தவணையை வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் செலுத்தினேன். ரசீதைக் கையில் வாங்கிய அத்தா, அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "இனி இந்தப் பணம் வேறொரு பிள்ளைக்குப் போகும்" என்றார். அது இன்று இங்கு அமர்ந்திருக்கும் உங்களில் ஒருவருக்குக் கிடைக்கலாம். அதைப் பெறுபவர், நான் கேட்க மறந்த "ஏன்?" என்ற ஒரு சொல்லை வகுப்பின் முதல் நாளிலேயே கேட்கட்டும்.